அந்த 97: ஃபார்முலா ஒன் மட்டுமே பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். ஞாயிறு பிற்பகலில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஒரு தட்டு மிக்சரை நடுவில் வைத்துக்கொண்டு ஃபார்முலா ஒன் பார்க்கும் கூட்டத்தில் நானும் பல ஆண்டுகளாக ஒருவன். டயர் எத்தனை சுற்று தாங்கும், எந்த அணி எப்போது பிட்டுக்குள் அழைக்கும் என்பதையெல்லாம் நீங்கள் வாதாடக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆகவே இது வெளியாள் எழுதும் புகார் அல்ல. பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன் பந்தயம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. நான் ரிமோட்டை எடுத்து ஐடிவி 4க்கு மாற்றினேன். சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றி ஓட்டும் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று கார்கள் கதவோடு கதவு உரச ஒரே வளைவுக்குள் நுழைந்தன. "இதெல்லாம் எஃப் ஒன்னுக்குப் போக முடியாதவர்கள் ஓட்டுகிற பந்தயம், மாற்றுங்கள்" என்றது ஒரு குரல். நான் ஜேசன் பிளாட்டோவின் பெயரைச் சொன்னேன். கிரேக்க ஞானி எப்போது கார் ஓட்டினார் என்று சிரித்தீர்கள். இந்தச் சாம்பியன்ஷிப்பில் 97 பந்தயங்களை வென்றவர், வேறு யாரும் இத்தனை வென்றதில்லை என்றேன். "97ஆ? மூன்று ரன்னில் செஞ்சுரி போய்விட்டதே!" என்றார் இன்னொருவர். அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குள் தேநீர் வந்தது, பேச்சு மாறியது. எனக்குத்தான் மாறவில்லை. அன்றைய எஃப் ஒன் பந்தயத்தில் யார் வென்றார் என்றுகூட நினைவில்லை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் பிளாட்டோவின் ரசிகன் அல்ல. என் ஆள் மேட் நீல். கார் நிறுவனங்கள் பணத்தைக் கொட்டி அணிகளை நடத்திய காலத்தில், குடும்பத்து அணியை வைத்துக்கொண்டு எதிர்த்து நின்ற ஆறரை அடி மனிதர். நிறுவன ஆதரவு இல்லாத ஓட்டுநர் யாராவது ஒட்டுமொத்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்தால் இரண்டரை லட்சம் பவுண்டு பரிசு என்று அமைப்பாளர்கள் அறிவித்திருந்தார்கள். யாரும் வரப்போவதில்லை என்ற துணிச்சலில் அறிவித்ததாக இருக்கலாம். 1999இல் டோனிங்டன் பார்க்கில் நிசான் பிரிமேராவில் வந்த நீல் அதை வாங்கிக்கொண்டு போனார். அப்படிப்பட்டவரின் பக்கம் நின்ற எனக்குப் பிளாட்டோ எதிர்க்கட்சி. வாய்த்துடுக்கு, அலட்சியச் சிரிப்பு, முன்னால் போகிறவரின் பின்பக்கத்தில் இலேசாகத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் போகும் பழக்கம் எல்லாம் அவரிடம் உண்டு. தட்டவில்லை என்று அவர் ரசிகர்கள் சாதிப்பார்கள். அது தனி வழக்கு. 2011இல் ராக்கிங்ஹாமில் தகுதிச் சுற்று முடிந்ததும் அவரும் நீலும் காரை விட்டு இறங்கி நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் பள்ளிக்கூட மைதானத்துப் பிள்ளைகளைப்போல் தள்ளிக்கொண்ட அந்தக் காட்சியில் நான் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட நான் இன்று பிளாட்டோவுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்றால் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

உங்கள் முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம்: எஃப் ஒன்னுக்குப் போக முடியாதவர்கள். நீங்கள் கொண்டாடும் ஜிம் கிளார்க் 1963இலும் 1965இலும் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றவர். இடையில் 1964இல் என்ன செய்தார்? இதே பிரிட்டிஷ் பட்டத்தை லோட்டஸ் கார்ட்டினாவில் வென்றார். அப்போது அதற்குச் சலூன் கார் சாம்பியன்ஷிப் என்று பெயர். வளைவில் உள்பக்க முன்சக்கரம் தரையை விட்டு எழும்ப, மூன்று சக்கரத்தில் அவர் திரும்பும் படங்கள் இன்றைக்கும் சுவர்களில் தொங்குகின்றன. 1994 பட்டத்தை ஆல்ஃபா ரோமியோவில் வென்ற கேப்ரியேலே டார்க்வினி ஃபார்முலா ஒன்னில் ஓட்டியவர்தான். இங்கே வந்து இறங்கியதற்காக அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நைஜல் மேன்செல் கதை இன்னும் சுவையானது. 1992 உலக சாம்பியன். 1993இல் அமெரிக்கா போய் இண்டிகார் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு இறுதியில் டோனிங்டனில் ஒரு டூரிங் கார் காட்சிப் பந்தயத்தில் உட்கார்ந்தார், மோதி நினைவிழந்தார். மறுபடி 1998இல் அதே டோனிங்டனுக்கு ஃபோர்டு மான்டியோவில் வந்தார். மழை. வெகு பின்னாலிருந்து புறப்பட்டு, கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து முன்னேறி, ஒரு கட்டத்தில் பந்தயத்துக்கே முன்னால் போனார். அரங்கமே எழுந்து நின்றது. முடிவில் ஐந்தாவது. உலக சாம்பியன், மழையில் கைதேர்ந்தவர், தாய்மண்ணில் ஓட்டுகிறார், ஐந்தாவது. மேன்செலைக் குறைத்துச் சொல்லவில்லை. அது நான் பார்த்ததிலேயே அழகான ஓட்டங்களில் ஒன்று. மற்ற நான்கு பேர் யார் என்று நீங்கள் கேட்டதே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, பிளாட்டோவுக்கு வருவோம். 1967இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். உங்கள் நாயகர்கள் ஏறிய அதே ஏணியில்தான் அவரும் ஏறத் தொடங்கினார்: கோ-கார்ட், ஃபார்முலா ரெனோ, ஃபார்முலா த்ரீ. பிறகு ஏணியை விட்டு இறங்கி ரெனோ ஸ்பைடர் கோப்பைக்குப் போனார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் கொடுக்கும் சிறிய போட்டி அது. 1996இல் அதில் சாம்பியன்.

அடுத்து நடந்ததை எஃப் ஒன் ரசிகர்களான நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் ரெனோவின் டூரிங் கார் அணியை நடத்தியது வேறு யாருமல்ல, வில்லியம்ஸ். 1997இல் ஜாக் வில்னவ் உலகப் பட்டம் வென்றாரே, அதே வில்லியம்ஸ். 1997க்கான இரண்டாவது இருக்கை கிட்டத்தட்ட வேறொருவருக்கு என்று முடிவாகிவிட்ட நிலையில், பிளாட்டோ நேராகத் தொழிற்சாலைக்குப் போய்க் காத்திருந்து, ஃபிராங்க் வில்லியம்ஸை நேரில் பிடித்து, என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். அழைப்பு கிடையாது, சிபாரிசு கிடையாது. அந்த மனிதரின் குணம் எப்படிப்பட்டது என்பது பந்தய உலகம் முழுக்கத் தெரியும்; சக்கர நாற்காலியிலிருந்தபடியே உலகின் மிகக் கறாரான அணியை ஆண்டவர். ஃபிராங்க் காது கொடுத்துக் கேட்டார். சோதனை ஓட்டம் வைத்தார்கள். இருக்கை பிளாட்டோவுக்கு.

அந்த 1997இல் ஒரே நிறுவனத்தின் கூரைக்குக் கீழ் இரண்டு சாம்பியன்கள். ஃபார்முலா ஒன்னில் வில்னவ், டூரிங் காரில் அலன் மெனு. மெனு 24 பந்தயங்களில் 12ஐ வென்று மற்றவர்களைத் தூளாக்கினார். அவருக்குப் பக்கத்துக் காரில் முதல் ஆண்டிலேயே உட்கார்ந்த பிளாட்டோ பட்டியலில் மூன்றாவதாக முடித்தார். வில்லியம்ஸ் தகுதியில்லாத ஆளை வேலைக்கு வைக்கும் என்று நீங்கள் நினைத்தால் அதை அடுத்த ஞாயிறு அந்த அறையிலேயே சொல்லிப் பாருங்கள். உங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடும்.

2001இல் வாக்ஸ்ஹால் ஆஸ்ட்ரா கூபேயில் முதல் பட்டம். போட்டி யாரோடு? சொந்த அணிக்காரரான பிரெஞ்சு வீரர் இவான் முல்லரோடு. புரோஸ்ட்டும் சென்னாவும் ஒரே கூரைக்குக் கீழ் எரிந்துகொண்டிருந்த கதையை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். இதுவும் அதே ரகம்தான், பத்திரிகை வெளிச்சம் மட்டும் குறைவு. கடைசி வாரம் கென்டில் உள்ள பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் முல்லரின் கார் தீப்பிடித்ததோடு அந்தப் பகை ஒரு முடிவுக்கு வந்தது. பட்டம் வென்றவருக்கு அடுத்த ஆண்டு இந்தச் சாம்பியன்ஷிப்பில் இருக்கையே இல்லை என்பது இன்னொரு கூத்து. ராக்கிங்ஹாமின் நீள்வட்டத் தடத்தில், அமெரிக்கப் பாணி ஸ்டாக் காரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

2004இல் சியட் காரோடு திரும்பினார். நம் ஊர் டயர் நிறுவனம் அல்ல. ஸ்பெயின் கார் நிறுவனம். எனக்கும் முதலில் அந்தக் குழப்பம் இருந்தது. 2008இல் அவர்கள் டீசல் எஞ்சின் வைத்த லியோனைக் கொண்டுவந்தார்கள். டீசல் காரா, அது பந்தயத்துக்கா, லாரி ஓட்டவா என்று நாங்கள் வேலி ஓரத்தில் நின்று கிண்டலடித்தோம். அந்தச் சாம்பியன்ஷிப் வரலாற்றில் முதல் டீசல் வெற்றியை எடுத்துக்காட்டி எங்கள் வாயை அடைத்தவர் பிளாட்டோ. ஆண்டு முடிவில் சியட் கடையைக் கட்டிக்கொண்டு போனது. 2009இல் அவர் செவ்ரோலே லசெட்டியில் வந்தார். பெயர் புதிதாக இருந்தாலும் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; இந்தியச் சாலைகளில் ஆப்ட்ரா என்ற பெயரில் ஓடியது. உங்கள் மாமா ஒருவர் வைத்திருந்திருக்கலாம். 2010இல் குரூஸ் காரில் இரண்டாவது பட்டம்.

மீதி ஆண்டுகளைத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

ஃபார்முலா ஒன்னில் வெல்கிறவர் மேலும் வெல்வார். 2023இல் வெர்ஸ்டாப்பன் 22 பந்தயங்களில் 19ஐ எடுத்தார். நானும் பார்த்தேன், ஆகஸ்டுக்குப் பிறகு மிக்சரைத்தான் அதிகம் கவனித்தேன். டூரிங் காரில் அது நடக்காது, நடக்க விடமாட்டார்கள். ஒரே நாளில் மூன்று பந்தயங்கள். முதலாவதில் நன்றாக முடித்தவர்களின் காரில் இரண்டாவது பந்தயத்துக்கு முன் 2021 வரை எடை ஏற்றினார்கள். ஈயக் கட்டிகள். முதலிடத்துக்கு அதிகம், இரண்டாவதுக்குச் சற்றுக் குறைவு, இப்படிப் படிப்படியாக. பிளாட்டோ ஓட்டிய ஆண்டுகளில் பல காலம் அதன் உச்சம் 45 கிலோ. 2015இல் 75 கிலோ ஆனது. மூன்று சிப்பம் அரிசியைக் காரில் போட்டுக்கொண்டு, வெறும் காரில் வருகிறவனை வளைவில் தடுத்து நிறுத்துங்கள் என்பதுதான் இதன் பொருள். அரை நொடி, முக்கால் நொடி என்பதைவிட முன்டயர் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால், இழுப்பதும் திரும்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் அதே இரண்டு டயர்கள்தான். எடை கூடினால் பந்தயத்தின் பாதியிலேயே அவை வெண்ணெய்போல் ஆகிவிடும். அதற்குப் பிறகு கார் திரும்பாது. ஓட்டுநர்தான் கெஞ்சிக் கூத்தாடித் திருப்ப வேண்டும்.

அத்தோடு விட்டார்களா? மூன்றாவது பந்தயத்துக்கு முன் ஒரு பையில் எண் போட்ட பந்துகளைப் போட்டுக் குலுக்குவார்கள். பத்து என்று வந்தால், இரண்டாவது பந்தயத்தில் பத்தாவதாக வந்தவர் மூன்றாவதில் முதலிடத்திலிருந்து புறப்படுவார். வென்றவர் பத்தாவது இடத்துக்குப் போய் நிற்பார். கோவில் திருவிழாக் குலுக்கல் போல் இருக்கிறதே, இது விளையாட்டா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2021 முதல் உங்கள் ஃபார்முலா ஒன்னிலும், முந்தைய பட்டியலில் முதலாவதாக இருக்கும் அணிக்கு, காரின் வடிவத்தைக் காற்றில் சோதிக்கும் விண்ட் டனல் நேரம் மிகக் குறைவு, கடைசி அணிக்கு மிக அதிகம். வென்றவன் காலில் கல்லைக் கட்டும் வேலையை அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் தொழிற்சாலைக்குள் கட்டுகிறார்கள், உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவர்கள் காருக்குள்ளேயே, எல்லோரும் பார்க்கக் கட்டினார்கள். 2022இல் பெட்ரோலோடு மின்சாரமும் சேர்ந்த ஹைபிரிட் வந்தபின் ஈயக் கட்டிகள் போய்விட்டன. ஹைபிரிட் இருந்த 2024 வரை, முன்னணியில் இருப்பவருக்கு மின்சார உந்துதல் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும் என்று ஆக்கியிருந்தார்கள். கல்லின் வடிவம் மாறியது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்குள் நின்று 97ஐப் பாருங்கள். பெரும்பாலான வெற்றிகளோடு அடுத்த வெற்றியைக் கடினமாக்கும் ஒரு தண்டனையும் ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு மனிதன் அந்தத் தண்டனையைக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறான். அதனால்தான் உங்கள் செஞ்சுரிக் கிண்டல் எனக்கு உறைத்தது. ரன் எடுக்க எடுக்க மட்டையின் எடையைக் கூட்டிக்கொண்டே போகும் கிரிக்கெட் எதையும் நான் பார்த்ததில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களில் புள்ளிவிவரப் புலி ஒருவர் நிச்சயம் சொல்வார். பிளாட்டோ 600க்கும் மேற்பட்ட பந்தயங்கள் ஓட்டியவர். ஆண்டுக்கு 30 பந்தயங்கள் நடந்த காலம். அவருக்கு முன் அதிக வெற்றிகளை வைத்திருந்த ஆண்டி ரௌஸ் எடுத்தது 60. ஆனால் ரௌஸின் காலத்தில் ஆண்டுக்கு இவ்வளவு பந்தயங்கள் இல்லை. எண்ணை எண்ணோடு வைத்து அளந்தால் ரௌஸுக்கு அநியாயம். ரௌஸிடம் நான்கு பட்டங்கள் இருக்கின்றன. காலின் டர்கிங்டனிடமும் ஆஷ் சட்டனிடமும் அதேபோல் நான்கு நான்கு. பிளாட்டோவிடம் இரண்டுதான். இவர்களில் சிறந்தவர் யார் என்று கேட்டால் நான் டர்கிங்டனைச் சொல்வேன். வட அயர்லாந்துக்காரர், அமைதியானவர், டயரைக் குழந்தையைப்போல் வைத்துக்கொள்வார். பேட்டி கொடுத்தால் தூக்கம் வரும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த இரண்டு எப்படி இரண்டாயிற்று? பிளாட்டோ ஐந்து முறை இரண்டாவதாக வந்திருக்கிறார். 2007இல் ஃபப்ரிட்சியோ ஜொவனார்டியிடம் மூன்று புள்ளிகளில் தோற்றார். 2009இல் டர்கிங்டனிடம் ஐந்து புள்ளிகளில். 2015இல் கோர்டன் ஷெட்டனிடம் நான்கு புள்ளிகளில். மூன்றையும் கூட்டினால் 12. ஒரே ஒரு வெற்றிக்கு 2007இலும் 2009இலும் கிடைத்தது 15 புள்ளி, 2015இல் 20. ஒரு வெற்றிக்கும் குறைவான புள்ளிகளில் மூன்று பட்டங்கள் கை நழுவின. அவை மூன்றும் வந்திருந்தால் ஐந்து பட்டங்கள்; இந்தச் சாம்பியன்ஷிப்பில் இதுவரை யாரிடமும் ஐந்து இல்லை. "இருந்திருந்தால்" என்ற சொல் பந்தயத்தில் செல்லாக் காசு என்று நீல் ரசிகனான நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் 2009ஐ மட்டும் என்னால் அப்படித் தள்ள முடியவில்லை.

பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் கடைசி நாள். மூன்று பேருக்குப் பட்டத்தில் வாய்ப்பு. பிளாட்டோ முதல் பந்தயத்தை வென்றார். இரண்டாவதை வென்றார். எடையையும் குலுக்கலையும் தாண்டி மூன்றாவதையும் வென்றார். ஒரு நாளில் மனிதனால் செய்யக்கூடியது அவ்வளவுதான், அதற்கு மேல் பந்தயமே இல்லை. அப்படியும் ஐந்து புள்ளி குறைந்தது. பேடாக் ஹில் வளைவு தெரியுமா? முதல் வளைவு, தட்டையாகத் தெரியும் சாலை சட்டென்று கிணற்றுக்குள் இறங்குவதுபோல் வலப்பக்கம் சரியும். காலை முதல் மாலை வரை அந்தச் சரிவில் அந்தச் செவ்ரோலே முதலாவதாக இறங்கிக்கொண்டே இருந்தது. நான் ஊளையிட்டேன், வழக்கம்போல. மூன்றாவது முறை என் ஊளையில் சுரம் குறைந்துவிட்டது.

அதன் பிறகு அவர் வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் கலந்து வந்தன. எம்ஜி காரில் வெற்றிகள் வந்தன. 2011இல் டர்போ எஞ்சின்களுக்குச் சலுகை அதிகம் என்று மாதக்கணக்கில் புலம்பினார்; அவர் காரில் டர்போ இல்லை என்பது தற்செயல்தான் என்று நம்புவோமாக. 2016இல் சுபாரு லெவோர்க் வந்தது, பின்பக்கம் நீண்ட குடும்பக் கார். எரிபொருள் பகுதியில் தீ அபாயம் என்று த்ரக்ஸ்டனில் அணியே பந்தயத்திலிருந்து விலகியது. கசப்பான பகுதி 2017. அதே அணி, அதே சுபாரு. பக்கத்துக் காரில் ஆஷ் சட்டன், வயது 23, பட்டம் வென்றார். பிளாட்டோவுக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டியலில் எங்கோ கீழே கிடந்தார். தன் வயதில் பாதிகூட ஆகாத பையன் அதே நிறக் காரில் முன்னால் போவதைப் பின்னாலிருந்து பார்ப்பது எப்படியிருக்கும்? அவர் தொலைக்காட்சியில் கார் நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கியவர். கௌரவமாக அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை.

97ஆவது வெற்றி 2019 அக்டோபரில், பிராண்ட்ஸ் ஹேட்ச்சில், வாக்ஸ்ஹால் ஆஸ்ட்ராவில் வந்தது. அன்று அதை யாரும் கவனிக்கவில்லை. டான் கேமிஷ் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய சுற்றில் அவருடைய பிரேக் போய்விட்டது. பட்டம் டர்கிங்டனுக்குப் போனது. அரங்கத்தில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் ஆடினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் மட்டும் "அப்படியானால் பிளாட்டோவுக்கு இன்னும் மூன்று" என்று சொல்லிவிட்டுத் தன் மடக்கு நாற்காலியைச் சுருட்டினார்.

அந்த மூன்று வரவில்லை. 2020இல் அவர் ஓட்டவில்லை. 2021இல் திரும்பி வந்தார், வெற்றி இல்லை. 2022இல் ஹோண்டாவில், இதுதான் கடைசி ஆண்டு என்று அறிவித்துவிட்டு ஓட்டினார், அதிலும் இல்லை. இரண்டு ஆண்டுகள், அறுபது பந்தயங்கள், மூன்றே மூன்று தேவை. ஹாமில்டன் தன் நூறாவது வெற்றியை 2021இல் சோச்சியில் எடுத்தபோது நாம் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோமே, அதே ஆண்டில்தான் இந்த மனிதர் 97இலேயே நின்றுகொண்டு, தனக்குப் பொருந்தாத காரில், பந்தயத்துக்குப் பந்தயம் இன்னொரு வெற்றிக்காகப் போராடிக்கொண்டிருந்தார். வட்டமான எண் ஒன்றுக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. பேடாக் ஹில்லில் இன்னொரு முறை முதலாவதாக இறங்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வயது 55ஐ நெருங்கியிருந்தது. கடைசி வாரம் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் அவர் சுற்றி வந்தபோது நான் வேலி ஓரத்தில் நின்று கைதட்டினேன். நீல் ரசிகர் தொப்பியைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் தட்டினேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் உங்களிடம் கேட்பது மிகச் சிறியது. பிளாட்டோவை உங்களுக்குப் பிடிக்க வேண்டாம். எனக்கே முழுதாகப் பிடிக்காது. ஃபார்முலா ஒன்னை விட்டுவிடவும் வேண்டாம். "போக முடியாதவர்கள்" என்ற அந்தச் சொல்லை மட்டும் அந்த அறையில் இனி சொல்லாதீர்கள். ஃபார்முலா ஒன் ஏணியின் உச்சி என்றால், இது அந்த ஏணியின் கீழ்ப்படி அல்ல. பக்கத்துத் தெருவில் நிற்கும் இன்னொரு வீடு. அதற்குத் தனி வாசல், தனி மாடி, தனிக் குடும்பச் சண்டைகள் எல்லாம் உண்டு.

நேரில் பார்க்காமல் நம்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்டோபரில் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் இறுதி வாரம். டிக்கெட் விலை சில்வர்ஸ்டோன் கிராண்ட் ப்ரீயில் நீங்கள் கொடுத்த தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. காலையில் அணிகளின் கூடாரங்களுக்கு நடுவே நடக்கலாம், ஓட்டுநர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள். நான் பேடாக் ஹில் சரிவில், வேலியிலிருந்து மூன்றாவது வரிசையில் இருப்பேன். மிக்சரை நான் கொண்டு வருகிறேன். நீங்கள் மழைக்கோட்டு மட்டும் எடுத்து வாருங்கள், கென்ட் வானத்தை நம்ப முடியாது. மூன்றாவது பந்தயத்துக்கு முன் பந்து குலுக்குவார்களே, அப்போது எந்த எண் வரும் என்று ஆளுக்கு ஒரு பவுண்டு பந்தயம் கட்டலாம். நான் ஒன்பது.

அன்புடன்,
உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன்